குளத்தை நம்பிக் குடிபெயரலாமா?

குடியிருக்கும் ஊரை விட்டு வேறோர் ஊருக்குப் பெயர்வது எளிய காரியமன்று. வீட்டை விற்கலாம், வேறொரு வீட்டை வாங்கலாம். ஆனால் அயலவரின் உறவையும், பிள்ளைகள் நடந்து பழகிய ஒழுங்கையையும், கோயில் வீதியையும் விலை கொடுத்து வாங்குதல் இயலாது. ஆயினும், மனிதன் என்றும் ஓரிடத்திலேயே நிலைத்திருந்தவன் அல்லன். நிலம் குறைந்தபோதும், நீர் வற்றியபோதும், பஞ்சம் வந்தபோதும் குடிகள் பெயர்ந்திருக்கின்றன. அவ்வாறு பெயர்ந்த குடிகள் சில தழைத்தன. சில நொந்து திரும்பின. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு யாது என்பதே சிந்தித்தற்குரியது.

இலங்கையின் வடபால், யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் கிராமங்களில் இவ்வினா இன்றும் பல இல்லங்களில் எழுகின்றது. அங்கே நிலத்தைப் பரப்புக் கணக்கில் அளப்பர். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். பாட்டன் காலத்தில் இருபது பரப்பாக இருந்த தோட்டம், சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து, பேரன் கைக்கு வரும்போது நான்கு பரப்பாகச் சுருங்கிவிடுகின்றது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புப் பாறையூடு இறங்கி நிலத்தின் கீழ்த் தங்குகின்றது. அந்த நீரைக் கிணற்றினின்று இறைத்தே மக்கள் குடித்தும் பயிரிட்டும் வருகின்றனர். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். அளவுக்கு மீறிப் பசளை இட்டால் அதன் எச்சம் கிணற்றில் இறங்கும். இவ்விரு துன்பங்களையும் இன்று பல கிராமங்கள் கண்டுவிட்டன.

இத்தகைய கிராமமொன்றில் வாழும் ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், கணவனின் வயது முதிர்ந்த தாய் என அறுவர். அவர்களுக்குள்ளது நான்கு பரப்புத் தோட்டம். மூதாட்டியின் தம்பி, அதாவது கணவனுக்கு அம்மான் முறையானவர், கிளிநொச்சிக்கு அண்மையில் இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் உடையவர். அவருடைய பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டனர். "தம்பி, குடும்பத்தோடு வந்து இந்தக் காணியைச் செய், என் காலத்துக்குப் பிறகு இது பற்றையாகிப் போகக்கூடாது" என்று அவர் சொல்லியனுப்புகின்றார். நான்கு பரப்பு எங்கே, எண்பது பரப்பு எங்கே! கணக்குப் பார்த்தால் நிலம் இருபது மடங்கு. கணவன் அன்றிரவே மூட்டை கட்ட முற்படுகின்றான். மனைவியோ, "ஆவணி மாதத்திலே அங்குள்ள கிணற்றில் தண்ணீர் நிற்குமா என்று முதலில் கேட்டு வாருங்கள்" என்கின்றாள். அவ்வொரு வினாவிலே இப்பொருளின் பாதி அடங்கியிருக்கின்றது.

அவர்கள் போக எண்ணும் நாடு எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இரணை என்பது ஈழத்துத் தமிழில் இரட்டை என்னும் பொருள் தரும். மடு என்பது ஆழமான நீர்நிலை. தெற்கே வவுனியாப் பக்கத்துக் காடுகளிற் பிறந்து வடக்கு நோக்கி ஓடும் கனகராயன் ஆற்றை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைக்கப்பட்டதே இரணைமடுக் குளம். பின்னர் அதன் கட்டு பன்முறை உயர்த்தப்பட்டது. அண்மைக்காலப் புனரமைப்பின் பின்னர் அக்குளம் 36 அடி வரை நீரைத் தாங்குகின்றது. அதன் கீழ் இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் உள்ளன. எஞ்சி ஓடும் நீர் சுண்டிக்குளக் கடனீரேரியைச் சென்றடைகின்றது.

குளம் அமைந்தவுடனே குடிகள் வந்து நிறைந்துவிடவில்லை. காடும் காய்ச்சலும் அவர்களைத் தடுத்தன. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935 ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதனையடுத்து 1936 ஆம் ஆண்டில், குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டுக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர் என்பதை நினைவுகூர்ந்தால், அந்நாளிற் காட்டுப்புறம் பெயர்ந்தவரின் துணிவு விளங்கும். அக்கொள்ளைநோய் மிகக் கடுமையாகத் தாக்கியது வறண்ட பிரதேசத்தை அன்று. எனினும், வறண்ட பிரதேசத்துக் குளப்புறங்களிலே மலேரியா ஆண்டுதோறும் நிலைகொண்டிருந்தது. 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய பின்னரே குடியேற்றங்கள் விரைந்து பெருகின. இடையில் மீண்டும் தலைதூக்கிய அந்நோய் இறுதியில் ஒழிந்தது; 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென உறுதிப்படுத்தியது. பாட்டன்மாரை அச்சுறுத்திய பெரும் பகை இவ்வாறு நீங்கியது. ஆயினும் பிற கேள்விகள் நீங்கவில்லை.

முதற் கேள்வி நீர்பற்றியது. தை மாதத்தில் இரணைமடுவைப் பார்க்கச் செல்பவன் கடலைக் கண்டது போல் மயங்குவான். கட்டின்மேல் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் நீர்ப்பரப்பு. வான்கதவுகளூடு வெண்ணுரை பொங்கும் வெள்ளம். கீழே பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற வயல்கள். இக்காட்சியைக் கண்டு முடிவெடுப்பவன் மணவறையிற் கண்ட கோலத்தை மட்டும் நம்பிப் பெண்ணெடுத்தவனை ஒப்பான். அதே குளத்தை ஆவணியிலோ புரட்டாதியிலோ சென்று பார்த்தல் வேண்டும். அப்பொழுது நீர் வெகுதூரம் உள்வாங்கியிருக்கும். வெடித்த சேற்றின்மேல் மாடுகள் மேயும். காற்றில் புழுதி பறக்கும். குளத்தின் உண்மையான அளவு அப்பொழுதே தெரியும்.

இதன் காரணம் வெளிப்படை. வடக்கிற்கு மழை தருவது பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றே. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைக் கொண்டு காலபோகம் விளைகின்றது. அக்காலத்திற் குளத்துநீர் துணை நீரே. சித்திரை, வைகாசியில் விதைக்கும் சிறுபோகமோ முற்றிலும் குளத்தில் எஞ்சிய நீரை நம்பியது. ஆதலின் ஒவ்வோராண்டும் அதிகாரிகளும் கமக்காரரும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், நீர்மட்டத்தைக் கணித்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிப்பர். மூன்று ஏக்கர் வயல் உடையவன் மூன்று ஏக்கரிலும் சிறுபோகம் விதைக்க முடியும் என்று எண்ணிவிடலாகாது. நீர் குறைந்த ஆண்டில் அதன் ஒரு பங்குக்கே அனுமதி கிடைக்கும். ஆகவே, குடும்பத்தின் வருவாயை இரு போகக் கணக்கில் எழுதுவது பிழை. ஒரு போகத்தையும், மறுபோகத்தின் ஒரு பகுதியையும் கொண்டு எழுதுவதே அறிவுடைமை.

வயல் வாய்க்காலின் எவ்விடத்தில் இருக்கின்றது என்பதும் கேட்டறியத்தக்கது. தலைமடையில் உள்ளவன் வயலுக்கு நீர் முதலிற் பாயும். கடைமடையில் உள்ளவன் இரவு விழித்திருந்து, மேலேயுள்ளவர் அடைத்த கட்டைத் திறந்துவிடுமாறு வேண்டி நிற்பான். இரண்டும் மூன்று ஏக்கரே. பத்திரத்தில் இரண்டும் ஒன்றே. உழைப்பிலும் விளைவிலும் அவை ஒன்றல்ல. இதனை அலுவலகத்தில் அறிய முடியாது. அயல் வயற்காரனிடம் கேட்டே அறிதல் வேண்டும்.

குளத்து நீர்மீது பலருக்கும் கண்ணுண்டு என்பதையும் மறத்தலாகாது. இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் குடிநீராகக் கொண்டு செல்லும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, சிறுபோகம் அழிந்துவிடும் என அஞ்சிய கமக்காரர் அதனை எதிர்த்தனர். குடிக்க நீர் கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. பயிருக்கு நீர் கேட்டவர்களிடமும் நியாயம் இருந்தது. பின்னர், குடாநாட்டின் கீழ்க்கரையில் உள்ள தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குளம் என்பது வற்றாத கருவூலமன்று. எண்ணிப் பங்கிடப்படும் செல்வம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. புதிதாகச் செல்லும் குடும்பம் அப்பங்கீட்டிலே ஒரு பங்காளியாகச் செல்கின்றது.

நீர் குறைவது போலவே மிகுவதும் துன்பமே. 2018 டிசெம்பரின் பின்பகுதியிற் பெய்த பெருமழையால் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பரவி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடுகளை விட்டு வெளியேறின. ஆதலின் வீடு கட்டும் இடத்தைத் தெரிவு செய்யும்போது, அவ்வாண்டு வெள்ளம் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று அயலவரைக் கேட்டல் நன்று. நீர்ப்பரப்பை அடுத்த நிலம் அழகாயிருக்கின்றதென்று அங்கே குடிசை போடுவாரும் உளர். குளத்தின் ஒதுக்கு நிலம் குளத்துக்குரியது. அதிற் குடியிருப்பவனைச் சட்டமும் காவாது, வெள்ளமும் விடாது.

இரண்டாம் கேள்வி காணிப் பத்திரம் பற்றியது. குடியேற்றக் காணிகளிற் பெரும்பாலானவை அனுமதிப்பத்திரத்தின் மூலமோ அளிப்பின் மூலமோ வழங்கப்பட்டவை. குடாநாட்டிலே உறுதி எழுதி வாங்கும் காணியைப் போல அவற்றை எண்ணியபடி விற்கவோ, ஈடுவைக்கவோ, துண்டாடவோ இயலாது. பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றிச் செய்யப்படும் கைமாற்றம் செல்லாது. உறவினர் இருவர் ஒரு தாளிற் கையொப்பமிட்டு, சாட்சிக்கு இருவரைச் சேர்த்துக்கொண்டு, காணி கைமாறிவிட்டது என்று நம்புவதுண்டு. அத்தாளை நம்பிப் பத்தாண்டு உழைத்தபின், வேறோர் உரித்தாளர் வந்து வழக்குரைக்கும்போதே உண்மை தெரியவரும். அம்மான் அன்புடையவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்பு பத்திரமாகாது. அவர் உயிரோடிருக்கும்போதே, கடல் கடந்துள்ள அவருடைய பிள்ளைகளின் மனத்தையும் அறிந்து, பிரதேச செயலகத்தில் முறைப்படி செய்ய வேண்டியவற்றைச் செய்து முடித்தல் வேண்டும்.

இங்கே பெண்மக்கள் பொருட்டும் ஒரு செய்தி சொல்லத்தக்கது. இக்காணிகள் துண்டாகாதிருக்கும்பொருட்டு, ஒரு காணிக்கு ஒருவரே பின்னுரித்தாளர் என்னும் விதி வகுக்கப்பட்டது. எவரும் நியமிக்கப்படாதவிடத்து, பழைய அட்டவணை ஆண்மக்களுக்கு முதலிடம் தந்தது. 2022 ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தத்தின் மூலம் அவ்வேறுபாடு நீக்கப்பட்டது. சட்டம் திருந்திவிட்டது, வீடுகளில் வழக்கம் திருந்த வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் காணி ஒருவருக்கே செல்லுமாயின், ஏனைய இருவருக்கும் பெற்றோர் தேடிவைக்கக்கூடிய முதுசம் கல்வியே. இது மூன்றாம் கேள்விக்கு வழிகாட்டுகின்றது.

மூன்றாவது, பாடசாலை. குடாநாட்டுப் பெற்றோர் பலர் வன்னிக்குப் பெயரத் தயங்குவதற்குக் காட்டைவிடக் கல்வியே பெரிய காரணம். குளப்புறக் கிராமங்களில் ஆரம்ப வகுப்புகளுக்குப் பாடசாலை அருகிலிருக்கும். மேல் வகுப்புகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் நிலையாக இருக்கின்றனரா என்பதைத்தான் விசாரித்தல் வேண்டும். பாடசாலைக் கட்டடத்தின் புதுமையைக் கண்டு மகிழ்தல் போதாது. சென்ற ஈராண்டில் அங்கே எத்தனை ஆசிரியர் வந்து எத்தனை ஆசிரியர் மாற்றம் பெற்றுச் சென்றனர் என்று கேட்டல் வேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஓராண்டே இருக்கும் பிள்ளையை இடையிற் பெயர்ப்பது தகாது. அப்பரீட்சை முடியுமட்டும் குடும்பமே பொறுத்திருப்பது ஒரு போகத்தை இழப்பதாயினும், அவ்விழப்பு ஈடுசெய்யக்கூடியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிளிநொச்சி 1984 ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. இன்று அங்கே மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இயங்குகின்றன. போரினால் அறுந்துபோன வடக்குப் புகையிரதப் பாதை 2013 ஆம் ஆண்டிற் கிளிநொச்சி வரையும், 2014 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே, வன்னிக்குப் போவது கல்வியைக் கைவிடுவது என்ற பழைய எண்ணம் இன்று முழுமையாகப் பொருந்தாது. நகருக்கு மூன்று மைல் தூரத்திலுள்ள கிராமமும் பதினைந்து மைல் தூரத்திலுள்ள கிராமமும் ஒன்றல்ல என்பதே இங்குக் கருதற்குரியது. மாரியில் அப்பாதையிற் பேருந்து ஓடுமா என்பதை அறிந்தபின் தூரத்தைக் கணக்கிடுக.

நான்காம் கேள்வி உடல்நலம் பற்றியது. மலேரியா நீங்கினும், வயல்வெளிக்குரிய வேறு நோய்கள் உள்ளன. சேற்றில் இறங்கி உழைப்பவரை எலிக்காய்ச்சல் தாக்கும். 2024 டிசெம்பரில் வடக்கில் அந்நோய் பரவி உயிர்களையும் கவர்ந்தது. போகம் தொடங்குமுன் சுகாதாரப் பகுதியினர் வழங்கும் தடுப்பு மாத்திரையை வாங்கி உட்கொள்வதும், காய்ச்சல் கண்டவுடன் வைத்தியரை நாடுவதும் புதிய கமக்காரன் கற்க வேண்டிய முதற் பாடங்கள். வரம்பிலே கண்ணாடிப்புடையன் கிடக்கும். இரவிற் போகும்போது கைவிளக்கும் காற்காப்பும் வேண்டும். காட்டை அடுத்த குடியிருப்புகளில் யானையின் தொல்லையும் உண்டு. தென்னங்கன்று நட்டவன் ஐந்தாண்டு காத்திருந்து, ஓரிரவில் அனைத்தையும் இழக்கவும் கூடும்.

எல்லாவற்றிலும் மேலாகக் குடிநீரைச் சோதித்தல் வேண்டும். வட மத்திய மாகாணத்தில் 1990களிற் கவனத்துக்கு வந்த, காரணம் முற்றாகத் துணியப்படாத சிறுநீரக நோய், வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் காணப்பட்டுள்ளது. வறண்ட பிரதேசத்துக் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. சிலவற்றிற் புளோரைட்டு மிகுதி. பயிருக்கு உதவும் நீரெல்லாம் பிள்ளைக்கு உதவும் என எண்ணலாகாது. கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்துச் சென்று, நீர் வழங்கல் சபையினரிடமோ சுகாதாரப் பகுதியினரிடமோ கொடுத்துப் பரிசோதிப்பித்தல் பெரிய செலவன்று. ஆவணியிற் கிணற்றில் நீர் நிற்குமா என்று அம்மனைவி கேட்டாள் அல்லவா? நிற்கும் நீர் குடிக்கத்தக்கதா என்பதையும் அதனோடு சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

ஐந்தாவது, வருவாய். வயல் விளைந்தால் மட்டும் வீடு நிறையாது. மாசி, பங்குனியில் எல்லோர் வயலும் ஒருங்கே விளைவதால், அப்பொழுது நெல்லின் விலை தாழ்ந்துவிடும். கடன்பட்டு விதைத்தவன் களத்திலேயே விற்பான். கையிற் பணமுள்ளவன் மூன்று மாதம் வைத்திருந்து விற்பான். இருவருக்கும் விளைந்தது ஒரே நெல்; ஊதியம் வேறு. அரசாங்கக் கொள்கைகளும் கமக்காரனின் கணக்கை மாற்றும். 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, வடக்கின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர். விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலே குடியேறிய இளைஞர் மிளகாயினால் வீடு கட்டினர். 1977 ஆம் ஆண்டின் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அவ்விலை நிலைக்கவில்லை. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளையின் இறக்குமதி தடுக்கப்பட்டபோது, அடுத்த காலபோகத்தில் நாடெங்கும் நெல் விளைவு வீழ்ந்தது. ஆகவே, இரண்டு போகங்களுக்குரிய உணவுச் செலவும் பயிர்ச் செலவும் கையில் இல்லாத குடும்பம், கடனை நம்பி இப்பயணத்தைத் தொடங்கலாகாது.

அதே வேளை, குளம் நெல்லை மட்டும் தருவதன்று. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன், மக்கள் நாவில் ஜப்பான் மீனாகி, குளப்புறத்து ஏழையின் கறியாயிற்று. மேய்ச்சலுக்குப் புல்லுண்டு, பால் தரும் பசு இரண்டிருந்தால் சிறுசெலவுக்குக் கைநீட்ட வேண்டியதில்லை. மேட்டுக்காணியில் மாவும் பலாவும் தென்னையும் நடலாம். நிலக்கடலையும் உழுந்தும் பயறும் விதைக்கலாம். வயலை மட்டும் பார்ப்பவன் மழையின் கையில் இருக்கின்றான். மேட்டுக்காணியையும் பேணுபவன் ஓரளவு தன் கையில் இருக்கின்றான். ஆனால் மேட்டுக்காணியைப் பேணுவதற்கு வீட்டில் ஆள் இருத்தல் வேண்டும். இவ்விடத்திலேதான் குடிபெயர்வின் மிகப் பெரிய தவறு நேர்கின்றது.

அத்தவறு யாதெனில், பாதிக் குடும்பம் பெயர்வது. குடாநாட்டு மக்களிற் பலர் குடியேற்றங்களிற் காணி பெற்ற நாள்தொட்டு, வீட்டை அங்கும் வயலை இங்குமாக வைத்துக்கொண்டே காலங்கழித்தனர். கணவன் குளப்புறத்தில் ஓலைக்கொட்டிலில் தனியே சமைத்துண்பான். மனைவி பிள்ளைகளோடு ஊரில் இருப்பாள். விதைப்புக்குச் சென்று, களைக்குத் திரும்பி, அறுவடைக்கு மீண்டும் செல்வான். இரண்டு அடுப்பு எரியும். இரண்டு கூரை மேய வேண்டும். பேருந்துச் செலவு வேறு. வயலில் ஆளில்லாத இரவிலே வாய்க்கால் நீர் வேறு வயலுக்குத் திரும்பும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அவன் குரல் ஒலிக்காது. மேட்டுக்காணியில் ஒரு மரமும் எழும்பாது. ஊரிலோ, தந்தையின் நிழலின்றிப் பிள்ளைகள் வளர்வர். பத்தாண்டு இவ்வாறு சென்றால், வயல் குத்தகைக்காரன் கைக்குப் போகும். ஊர்த் தோட்டமும் தரிசாகும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது இதுவே. சென்றவனும் கெட்டான், நின்றவளும் களைத்தாள் என்பதே அதன் முடிவு.

ஆகவே, ஒரு குடும்பம் குளத்தை நம்பிப் பெயரலாமா என்ற கேள்விக்கு விடை, அக்குடும்பம் முழுமையாகப் பெயர ஒருப்படுமா என்பதிலே தங்கியுள்ளது. ஒருப்பட வேண்டியவர் கணவன் ஒருவன் அல்லன். நிலத்தைக் கணவன் பார்ப்பான்; நீரை மனைவி பார்ப்பாள்; பாடசாலையை மூத்த பிள்ளை பார்க்கட்டும்; அயலை மூதாட்டி பார்க்கட்டும். முதியோருக்கு ஊர்மாற்றம் பெருந்துன்பம். பேசுவதற்கு ஆளில்லாத இடத்தில், எவ்வளவு சோறிருந்தும் அவர்கள் மெலிவர். இக்குடும்பத்தின் மூதாட்டிக்கோ அங்கே உடன்பிறந்தான் இருக்கின்றான். அது சிறிய செல்வமன்று. ஆயினும், வாரந்தோறும் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய நோயாளர் வீட்டில் இருப்பின், வைத்தியசாலையின் தூரமே மற்றெல்லாவற்றையும் தீர்மானிக்கும். அத்தகைய குடும்பம் போகாதிருப்பது கோழைமையன்று, கடமை.

முடிவெடுக்குமுன் ஓராண்டு எல்லை வகுத்துக்கொள்வது நன்று. ஆவணியில் ஒருமுறை அனைவரும் சென்று, நான்கு நாட்கள் தங்குக. அந்நீரையே குடித்து, அந்தப் பாதையிலேயே நடந்து, அந்தச் சங்கக்கடையிலேயே பொருள் வாங்கிப் பார்க்க. மார்கழியில் மழைக்கு நடுவே இன்னொருமுறை செல்க. கணவன் ஒரு காலபோகத்தை அம்மானோடு நின்று செய்து பழகுக. தோட்டத்துக்கு இறைத்துப் பழகிய கை வயலுக்குப் பழக ஒரு போகமாவது செல்லும். இதற்கிடையிற் பத்திரங்கள் ஒழுங்காகட்டும். புதிய பாடசாலை ஆண்டு தொடங்கும் வேளையில் குடும்பம் முழுவதும் ஒன்றாகச் செல்லட்டும், அல்லது செல்வதில்லை என்று மனமொத்து முடிவு செய்யட்டும். பிரிந்து வாழும் காலம் அந்த ஓராண்டைத் தாண்டலாகாது. ஊரிலுள்ள நான்கு பரப்பையும் வீட்டையும் முதலிரண்டு ஆண்டுகளுக்கு விற்காது வைத்திருப்பதும் அறிவுடைமையே.

இரணைமடுப் புறத்து மக்கள் இழப்பை அறியாதவர் அல்லர். 1990களிலும், 2008, 2009 ஆம் ஆண்டுகளிலும் போரினால் அவர்கள் தம் வீடுவாசலை விட்டுப் பெயர்ந்தனர். கூரையும் கதவும் இன்றி நின்ற சுவர்களிடையே திரும்பிவந்து, பற்றை வெட்டி, வாய்க்கால் துப்புரவாக்கி, மீண்டும் விதைத்தனர். அவர்களிடையே குடியேறச் செல்பவர் நிலம் தேடிச் செல்வோராக மட்டும் செல்லாது, அயலவராகச் செல்லுதல் வேண்டும். வாய்க்கால் வெட்டும் சிரமதானத்துக்கு முதல் ஆளாய் நிற்பவனுக்கே கடைமடையிலும் நீர் கிடைக்கும்.

நான்கு பரப்பில் நின்று எண்பது பரப்பைக் கனவு காண்பது குற்றமன்று. அக்கனவை ஆவணி வெயிலில் வைத்துப் பார்த்து, வீட்டார் அறுவரும் கேள்வி கேட்டு, அதன் பின்னும் அது நிலைத்து நிற்குமாயின், அக்குடும்பம் துணிந்து பெயரலாம். நிலையாதாயின், இருக்கும் நான்கு பரப்பை இன்னும் செம்மையாகச் செய்வதும், பிள்ளைகளைப் படிப்பிப்பதும் நல்வழியே. எவ்வழியாயினும், பெயர்ந்தாலும் இருந்தாலும், குடும்பம் ஓரடுப்பில் உண்ணும் குடும்பமாகவே இருத்தல் வேண்டும்.